சர்க்கரை மேல் நிற்கும் மலை

போன சனிக்கிழமை நானும் நண்பனும் ஸ்பிளிட்போர்டைத் (இரண்டாகப் பிரித்து மாட்டிக்கொண்டு மலையேறி, ஒன்றாகச் சேர்த்துச் சறுக்கி இறங்கும் பலகை) தூக்கிக்கொண்டு கொலராடோவில் பெர்த்தூட் பாஸ் என்ற மலைக்கணவாய்ப் பக்கம் போயிருந்தோம். புதன்கிழமை பனி கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தது, அப்புறம் இரண்டு நாள் நல்ல வெயில். இப்படி ஒரு நாளில் டென்வர்க்காரன் எவனும் வீட்டில் உட்கார மாட்டான், காலை ஏழு மணிக்கே பார்க்கிங்கில் இடமில்லை.

கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் தினமும் போடும் அபாய அளவில் அன்றைக்கு 5க்கு 3. நடுவில் இருக்கிற நம்பர் என்பதால் பரவாயில்லை, பாஸ் மார்க்தான் என்று தோன்றும். அதுதான் வம்பு. 3 என்றால் செங்குத்தான சரிவில் ஒரு ஆள் கால் வைத்தாலே பனி உடைந்து கிளம்ப நிறைய வாய்ப்பு என்று அர்த்தம். 4, 5 போட்டால் பயந்து ஒதுங்குகிற ஆட்கள் 3 அன்றைக்குக் கிளம்பி வந்துவிடுகிறார்கள், அமெரிக்காவில் ஏகப்பட்ட சாவு அந்த 3இல்தான் நடக்கிறது.

இங்கே பிரச்சினை புதுப் பனி இல்லை, அக்டோபரில் விழுந்த பழசு. மெல்லிசாக விழுந்து வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். கீழே தரை ஏறக்குறைய 0 டிகிரி, மேலே ராத்திரிக் காற்று மைனஸ் 20, நடுவில் இருப்பதோ 40 சென்டிமீட்டர் பனி. 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி வித்தியாசமே போதும், ஈரம் ஆவியாகிக் கீழிருந்து மேலே ஏறி, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத கோணல்மாணல் படிகமாக மாறிவிடும். சர்க்கரைப் பனி என்பது இதைத்தான். அதன் மேல் டிசம்பர், ஜனவரிப் பனியும் காற்று அள்ளிக் கொண்டுவந்து கொட்டுவதும் சேர்ந்து பலகை மாதிரி இறுகி உட்கார்ந்துகொள்ளும்.

மரங்களைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்தபோது காலடியில் 'உம்ம்' என்று ஒரு சத்தம். காதில் கேட்டது என்பதைவிட வயிற்றில் கேட்டது என்று சொல்லலாம். சமதளம்தான், ஆனால் அடியில் இருந்த சர்க்கரை நொறுங்கி மேல்பலகை மொத்தமாகக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இதே நொறுங்கல் தரையோடு பரவி மேலே இருக்கிற சரிவைக் கீழே இழுத்துவிடும். 2013 ஏப்ரல் 20 அன்று லவ்லேண்ட் பாஸ் பக்கத்தில் ஷீப் கிரீக்கில் மாட்டிய ஆறு பேரில் ஐந்து பேர் செத்தார்கள். அவர்கள் சரிவின் அடிவாரத்தைத்தான் கடந்துகொண்டிருந்தார்கள்.

சரி, குழி தோண்டிப் பார்ப்போம் என்றேன். மொத்தம் 110 சென்டிமீட்டர், அடியில் 25 அப்படியே சர்க்கரை. கையுறையில் அள்ளினால் அஸ்கா மாதிரி விரலிடுக்கில் வழிகிறது, எவ்வளவு அழுத்தினாலும் உருண்டை பிடிக்க வரவில்லை. 90க்கு 30 சென்டிமீட்டர் என்று ஒரு பனித்தூணை வெட்டி, மேலே ஷவலை வைத்துத் தட்ட ஆரம்பித்தேன். மணிக்கட்டால் பத்து தட்டு, ஒன்றும் இல்லை. முழங்கையிலிருந்து மூன்றாவது தட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரிசல் ஓடி, மேல்கட்டி மேஜை டிராயர் மாதிரி வெளியே வந்தது.

"ஒரு குழிய வெச்சு மொத்த மலையையும் முடிவு பண்ணுவியாடா?" என்றான் நண்பன். நியாயமான கேள்வி, பத்தடி தள்ளித் தோண்டினால் வேறு பதில் வரலாம். அதனால்தான் நல்ல குழியை நான் நம்புவதில்லை, மோசமான குழியை மட்டும் நம்புவேன். "பீக்கன் இருக்குல்ல?" என்று அடுத்த கேள்வி, பனியில் புதைந்தவன் இருக்கிற இடத்தைச் சிக்னலால் காட்டும் கருவியைச் சொல்கிறான். பீக்கன் என்ன தாயத்தா? புதைந்தவனைப் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் வெளியே எடுக்காவிட்டால் பிழைப்பது சந்தேகம், சரிந்து விழுந்த பனி வேறு சிமென்ட் மாதிரி இறுகிப்போகும், தோண்டுவதற்கு நான் ஒருத்தன்தான்.

கடைசியில் சாய்வு 25 டிகிரிக்குக் குறைவான, தலைக்கு மேல் பெரிய சரிவு எதுவும் இல்லாத மரக்காட்டில் இரண்டு தடவை இறங்கினோம். சுமாராக இருந்தது, பொய் சொல்லவில்லை. புளிசாதம் நன்றாக இருந்தது.

திரும்பும்போது நாங்கள் விட்டுவிட்டு வந்த சரிவில் புதிதாக மூன்று தடங்கள், அழகாக வளைந்து வளைந்து. சரிவு அசையவே இல்லை. பாறையோரம் பனி மெலிந்த இடத்தை அவர்கள் மிதிக்காமல் போயிருக்கலாம், நாலாவது ஆள் மிதித்திருக்கலாம். "பாத்தியா?" என்றான். ஐடஹோ ஸ்பிரிங்ஸ் வரும் வரை காரில் ஒருவரும் பேசவில்லை.