சபையின் ஒற்றுமையும் மௌனமும்

சமூகம் இரண்டுபட்டு நிற்கும் நாட்களில், "சபைக்குள் அதைப் பேச வேண்டாம், ஒற்றுமை கெட்டுவிடும்" என்ற அறிவுரை அடிக்கடி வருகிறது. அந்த மௌனத்தை ஒற்றுமை என்று ஏற்க எனக்கு மனமில்லை.

வரி வசூலிக்கும் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த மத்தேயுவையும், செலோத்தே (ரோம ஆட்சியை எதிர்த்த தீவிரப் பற்றாளர் என்று பொதுவாகக் கொள்ளப்படும் பெயர்) எனப்பட்ட சீமோனையும் இயேசு ஒரே பன்னிருவருக்குள் அழைத்தார். அவர்களின் அரசியல் கருத்துகள் ஒன்றாகிவிட்டதாக எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. உணவையும் நாட்களையும் பற்றி வேறுபடுகிறவர்கள் ஒருவரையொருவர் நியாயந்தீர்க்க வேண்டாம் என்று ரோமருக்கு எழுதிய பவுல்தான், அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரின் (யூதரல்லாத விசுவாசிகளின்) பந்தியைவிட்டு விலகியபோது எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். கருத்து வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்வது வேறு, ஒரு சகோதரன் பந்தியிலிருந்து ஒதுக்கப்படுவதைப் பொறுத்துக்கொள்வது வேறு. இவ்விரண்டையும் நாம் (பெரும்பாலும் நமக்கு வசதியான திசையில்) குழப்பிக்கொள்கிறோம்.

தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்த சபை 1857-இல், 'சிலருடைய பலவீனத்தை' முன்னிட்டு, வெள்ளையரல்லாத விசுவாசிகளுக்குத் தனி ஆராதனையை அனுமதித்தது. சமாதானம் காக்கும் சிறு சலுகையாகத் தோன்றிய அது, 1881-இல் நிறத்தின் அடிப்படையில் தனிச் சபையாகவே உருவெடுத்தது. பின்னர் நாட்டின் இனஒதுக்கல் கொள்கைக்கு வேத ஆதாரம் தேடும் அளவுக்குப் போனது. அப்படி ஒதுக்கப்பட்டவர்களின் சபையே 1982-இல் பெல்ஹார் விசுவாச அறிக்கையை வரைந்து, 1986-இல் அதை முறைப்படி ஏற்றது. ஒற்றுமை, ஒப்புரவு, நீதி மூன்றையும் ஒரே அறிக்கையில் சேர்த்து எழுதியவர்கள் அவர்கள். பிரித்துவைத்த சபையோடு மீண்டும் ஒன்றாவதையும் அவர்களே கேட்டார்கள்.