ராடு அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல தண்ணிய பாருங்க

கொலராடோல ஃப்ளை ஃபிஷிங், அதாவது ஃப்ளைங்கற பொய்ப்பூச்சிய தூண்டில்ல கட்டி மீன் பிடிக்க, போறேன்னு யார்கிட்ட சொன்னாலும் அடுத்த கேள்வி "என்ன ராடு வச்சிருக்கீங்க"ன்னுதான் வருது. ஜூன் மாசம் டல்லாஸ்ல இருந்து தங்கச்சியும் மாப்ளையும் வர்றாங்க, மாப்ளயும் இதே கேள்விதான், கூடவே வாட்ஸ்அப்புல நாலஞ்சு லிங்க் அனுப்பி இதுல எது வாங்கட்டும்ங்கறாரு. எந்த ஆத்துக்கு போறோம்னே இன்னும் முடிவாகல மாப்ள, அதுக்குள்ள ராடு எதுக்குன்னேன். போன்ல அவருக்கு சொன்னத இங்க கொஞ்சம் விரிவா எழுதி வச்சிட்டா அடுத்து கேக்கறவங்களுக்கு அனுப்பிடலாம்.

ஜூன்ங்கறதே இங்க ஒரு சிக்கலான மாசம். ராக்கி மலையில குளிர்காலம் பூரா சேர்ந்த பனி மே நடுவுல இருந்து ஜூன் கடைசி வரைக்கும் உருகி எறங்கும், இதுக்கு ரன்ஆஃப்னு பேரு. அணை இல்லாம மலையில இருந்து நேரா வர்ற ஆறுகள ஃப்ரீஸ்டோன்னு சொல்வாங்க, அதெல்லாம் அந்த நேரத்துல டீ கலர்ல, கரைய ஒட்டி இருக்கற புதர எல்லாம் இழுத்துட்டு ஓடும். அதுல எறங்கினா மீன் கிடைக்குமாங்கறது ரெண்டாவது, ஆள் கிடைக்கணுமே. ஆனா ஃப்ளைட் டிக்கெட் போட்டாச்சு, பசங்களுக்கு லீவு அப்பதான், அப்ப என்ன பண்றது? அணைக்கு கீழ ஓடற ஆத்துக்கு போகணும். அதுக்குதான் டெயில்வாட்டர்னு பேரு.

டென்வர் பக்கத்துல அப்படி ஒண்ணுன்னா சவுத் பிளாட் ஆறு. 1905ல கட்டி முடிச்ச சீஸ்மேன் அணை, 221 அடி ஒசரம், டென்வர் ஊருக்கு குடிதண்ணி வர்ற வழியில இருக்கு. வர்ற சேறெல்லாம் ஏரியிலயே படிஞ்சிடும், வெளிய விடற தண்ணி அடியில இருந்து வர்றதால வெயில் காலத்துலயும் ஜில்லுனு இருக்கும், குளிர்காலத்துல அணைய ஒட்டின பகுதி உறையாது. தண்ணியோட சூடு பெருசா ஏறி எறங்காததால பூச்சிகள் வருஷம் பூரா இருக்கு, பூச்சி இருந்தா அத திங்கற ட்ரவுட் மீனும் இருக்கு. அணைக்கு கீழ சீஸ்மேன் கேன்யன்னு ஒரு பள்ளத்தாக்கு, அதுக்கு கீழ டெக்கர்ஸ்னு ஒரு சின்ன ஊரு. இந்த ரெண்டும்தான் மாப்ள ட்ரிப்புக்கு என் சாய்ஸ்.

டெயில்வாட்டர்னு சொல்லிட்டா கவலையே இல்லன்னு நெனச்சிடாதீங்க. மேட்டூர் அணை நியூஸ்ல வினாடிக்கு இத்தனை கன அடி தண்ணி திறப்புன்னு வருமில்ல, அதே கன அடிதான் இங்கயும், சிஎஃப்எஸ்னு சொல்வாங்க. மேட்டூர்ல ஆயிரக்கணக்குல படிச்சு பழகினவங்களுக்கு இங்க 250ன்னு பாத்தா சிரிப்பு வரும், ஆனா இந்த ஆத்துக்கு அந்த 250தான் சுகமான அளவு. மாநில நீர்வளத்துறை சைட்லயும் யுஎஸ்ஜிஎஸ்ங்கற அமெரிக்க புவியியல் ஆய்வுத்துறை சைட்லயும் கிராஃபாவே வரும், இலவசம்தான். என் கணக்குல டெக்கர்ஸ்ல 150ல இருந்து 350 வரைக்கும் புது ஆளுங்கள தைரியமா எறக்கலாம். 500 தாண்டிடுச்சுன்னா கரையோரமா நின்னு போட வேண்டியதுதான், நடு ஆத்துக்கு ஆசைப்படக்கூடாது. 100க்கு கீழ போனா தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடும், நம்ம நிழல் விழுந்தாலே மீன் ஓடிடும். அதவிட முக்கியம், கிராஃப் எப்படி போகுதுன்னு பாருங்க. மூணு நாலு நாளா ஒரே கோடா போயிட்டு இருந்தா 400 கூட ஓகே, நேத்து 200 இன்னிக்கு காலைல 400ன்னு செங்குத்தா ஏறியிருந்தா அன்னிக்கு மீனுக்கும் குழப்பம் நமக்கும் குழப்பம்.

மாசம் மாறினா ஆறும் மாறணும். ஏப்ரல் மே மாசம்னா நான் ஆர்கன்சாஸ் ஆத்துக்குதான் போவேன், கேன்யன் சிட்டி பக்கத்துல கேடிஸ் பூச்சி கிளம்பி தண்ணி சூடாக சூடாக மேல மேல சலைடா ஊரு வரைக்கும் போகும், மதர்ஸ் டே கேடிஸ்னு பேரே வச்சிருக்காங்க. தண்ணி 50 டிகிரி ஃபாரன்ஹீட்ட தாண்டி ஒரு அஞ்சு டிகிரி ஏறினதும் கிளம்புது, அன்னையர் தினத்துக்கு முன்னாடியே ரன்ஆஃப் வந்து எல்லாத்தையும் கெடுத்துடறதும் உண்டு. அதே ஆத்துல ஜூலைல இருந்து ஆகஸ்ட் 15 வரைக்கும் ராஃப்டிங்காரங்களுக்காக 700 கன அடி இருக்கற மாதிரி மேல இருக்கற ஏரியில இருந்து தண்ணி விட பாப்பாங்க, அதனால அப்ப போனா விடியற்காலை இல்லன்னா சாயங்காலம், நடுவுல பூரா ஹெல்மெட் போட்டவங்க கத்திட்டு போறத வேடிக்கை பாக்கலாம்.

ஃப்ரையிங்பேன் ஆறுன்னு ஒண்ணு, ரூடை அணைக்கு கீழ, மைசிஸ்னு ஒரு குட்டி இறால் ஏரியில இருந்து அணை வழியா வந்து விழும், அத தின்னு தின்னு மீனெல்லாம் பருத்து கிடக்கும். போட்டோ பாத்துட்டு எல்லாரும் அங்கதான் போகணும்ங்கறாங்க. டென்வர்ல இருந்து மூணு மணி நேரத்துக்கு மேல டிரைவ், அணை ஓரத்துல தோளோட தோள் கூட்டம், மீன் எல்லாம் படிச்ச மீனு. முதல் தடவைக்கு வேணாம்.

கோல்டு மெடல்னு போர்டு பாத்தும் மயங்காதீங்க. ஒரு ஏக்கர் தண்ணியில 60 பவுண்டு ட்ரவுட், அதுல 14 இன்ச்சுக்கு மேல குறைஞ்சது 12 மீன் இருந்தா அந்த பட்டம் குடுப்பாங்க, ஆர்கன்சாஸ்ல 102 மைலுக்கு 2014ல குடுத்தாங்க. மீன் இருக்குன்னு அர்த்தம், கடிக்கும்னு அர்த்தம் இல்ல.

இன்னொண்ணு, இத டெக்சஸ், மொண்டானாக்காரங்க கவனிக்கணும். கொலராடோல ஆத்தோட படுகையே தனியார் சொத்தா இருக்கலாம். மொண்டானால பப்ளிக் பாலத்துகிட்ட எறங்கி ஆத்துக்குள்ளயே நடந்து போனா யாரும் கேக்க முடியாது, இங்க அப்படி போனா அத்துமீறல் கேஸ். சீஸ்மேன் கேன்யனுக்கும் டெக்கர்ஸுக்கும் நடுவுலயே ஒரு கிளப்போட இடம் இருக்கு, வேலி போர்டு எல்லாம் பாத்து நடங்க. மேப் ஆப்புல நிலம் யாருதுன்னு பாத்துட்டு கிளம்பறது நல்லது.

சரி இப்ப ராடு. ஒம்பது அடி, அஞ்சு வெயிட், முடிஞ்சது. இந்த அஞ்சுங்கறது ராடோட எடை இல்ல, லைனோட நம்பர், லைனோட முன்பக்கம் 30 அடி 140 கிரெய்ன் எடை இருக்கும், நம்ம கணக்குல ஒம்பது கிராம். சாதா தூண்டில்ல ஈயத்தோட எடை லைன இழுத்துட்டு போகும், இதுல ஃப்ளைக்கு எடையே கிடையாது, லைனோட எடைதான் ஃப்ளைய தூக்கிட்டு போகுது. அந்த ஒம்பது கிராம் பின்னாடி போய் முழுசா நீளற வரைக்கும் பொறுத்து அப்புறம் முன்னாடி தள்ளணும், புதுசா கத்துக்கறவங்க பூரா அவசரப்பட்டு பின்னாடி நீளறதுக்கு முன்னாடியே அடிச்சிடறாங்க, சாட்டை மாதிரி பட்டுனு சத்தம் வந்தா அதான் காரணம். 200, 250 டாலர்ல ராடு ரீல் லைன் எல்லாம் சேர்ந்த செட்டே வருது, ரெண்டு மூணு வருஷம் தாராளமா ஓடும். ட்ரவுட்டுக்கு ரீல்ங்கறது பெரும்பாலும் லைன சுத்தி வைக்கற டப்பா, அதுக்கு ராட விட அதிகமா குடுக்கறவங்கள பாத்தா எனக்கு வயிறு எரியும்.

காச பூட்ஸ்லயும் வேடர்லயும் (தண்ணி புகாத நீள கால்சட்டை) போடுங்க. அணை அடியில இருந்து வர்ற தண்ணில ஜூன் மாசமும் ஷார்ட்ஸ் போட்டு எறங்கினா கொஞ்ச நேரத்துல முட்டிக்கு கீழ மரத்துடும். பாறை எல்லாம் பாசி, ரப்பர் சோல்ல ஆணி வச்ச பூட்ஸ் நல்லது, கூட ஒரு ஊன்றுகோல். வேடர் போட்டா இடுப்பு பெல்ட்ட இறுக்கி கட்டியே ஆகணும், விழுந்தா உள்ள தண்ணி ரொம்பாம காப்பாத்தறது அதுதான். ரெண்டு நாள் ட்ரிப்புக்கு வாங்க வேணாம், ஃப்ளை ஷாப்ல வாடகைக்கு கிடைக்கும், அங்கயே இன்னிக்கு என்ன ஃப்ளை ஓடுதுன்னு கேட்டு ஒரு பத்து ஃப்ளை வாங்கிட்டா அவங்களுக்கும் சந்தோஷம் நமக்கும் துப்பு.

டிப்பெட், அதாவது லைன் நுனியில ஃப்ளைய கட்டற மெல்லிசு நூல், அது விஷயத்துல கஞ்சத்தனம் வேணாம். 5எக்ஸ், 6எக்ஸ்னு போட்டிருக்கும், 11ல இருந்து அந்த நம்பர கழிச்சா ஒரு இன்ச்சுல ஆயிரத்துல எத்தனை பங்கு தடிமன்னு வரும், அதாவது 5எக்ஸ்னா 0.006 இன்ச். ஹூக் நம்பர மூணால வகுத்தா எந்த எக்ஸ் வேணும்னு சுமாரா தெரியும், 18ம் நம்பர் ஃப்ளைக்கு 6எக்ஸ். ஹூக் நம்பர் ஏற ஏற ஃப்ளை சின்னதாகும், சவுத் பிளாட்ல 20, 22 எல்லாம் சாதாரணம், சுண்டு விரல் நகத்துல வச்சா அதுலயும் இடம் மிச்சம் இருக்கும். நாப்பது வயசு தாண்டினவங்க ரீடிங் கிளாஸ் எடுத்துக்கங்க, ராட மறந்தாக்கூட வாடகைக்கு கிடைக்கும், கண்ணு கிடைக்காது. முடிச்சு போட்டு இறுக்கறதுக்கு முன்னாடி எச்சில் தொட்டு நனைச்சுக்கங்க, காஞ்ச முடிச்சு உரசி சூடாகி பலம் போயிடும்.

ஃப்ளைன்னா ஆர்எஸ்2, இந்த ஆத்துக்காகவே 1970கள்ல ரிம் சங்னு ஒருத்தர் கண்டுபிடிச்சது. கொஞ்சம் பீவர் முடி, வாலுக்கு ரெண்டு இழை, முதுகுல ஒரு துளி இறகு, அவ்ளோதான், பாத்தா இதுக்கா காசுன்னு தோணும். அடியில இருந்து மேல வந்து கூட்ட உடைச்சு பறக்க தயாராகிற மேஃப்ளைங்கற பூச்சி மாதிரி இருக்கும் அது தண்ணிக்குள்ள. கூட ஜீப்ரா மிட்ஜ், ஃபெசன்ட் டெயில்னு இன்னும் ரெண்டு ஃப்ளை. ஜூலை கடைசில இருந்து காலைல ட்ரைக்கோன்னு பொடிப்பூச்சி மேகமா வரும், அது தனி ஆட்டம்.

சினிமால வர்ற மாதிரி தலைக்கு மேல லைன சுழட்டி எழுவது அடி எறியற வேலை இங்க கிடையாது, பதினஞ்சு இருபது அடி போதும். ட்ரவுட் பெரும்பாலும் தண்ணிக்கடியிலதான் சாப்பிடும், அதனால நிம்ஃப்தான், அதாவது தண்ணிக்கடியில இருக்கற இளம்பூச்சி மாதிரி ஃப்ளைதான் போடப்போறோம். மேல ஒரு இண்டிகேட்டர் மிதவை, ஆழத்தோட ஒன்றரை மடங்கு தூரத்துல ஈயம், அதுக்கு கீழ முதல் ஃப்ளை, அதுல இருந்து ஒன்றரை அடியில ரெண்டாவது. ஒரு பாறைக்கு பக்கத்துல நுரை கோடா போகுதா, அந்த கோட்டு மேல போடுங்க. போட்ட உடனே மிதவைக்கும் நமக்கும் நடுவுல இருக்கற லைன தூக்கி மேல்பக்கமா வைக்கணும், இதான் மெண்ட். வைக்கலன்னா நடுவுல இருக்கற வேகமான தண்ணி லைன வளைச்சு ஃப்ளைய குறுக்க இழுக்கும், எந்த பூச்சியும் வெள்ளத்துல குறுக்க நீஞ்சாது, அது மீனுக்கு நல்லா தெரியும். சரியா போகுதான்னு எப்படி பாக்கறது? பக்கத்துல போற நுரைக்குமிழிய பாருங்க. ஆத்துல மேல்தண்ணி வேகமா ஓடும், அடித்தண்ணி மெதுவா ஓடும், அதனால மிதவை குமிழிய விட ஒரு பொடி மெதுவா போச்சுன்னா ஃப்ளை அடியில இருக்கு. குமிழிய முந்திட்டு போனா லைன் இழுக்குதுன்னு அர்த்தம், மெண்ட் பண்ணுங்க. மிதவை முழுகணும்னு காத்திருக்காதீங்க, அது ஒரு நொடி தயங்கினாலே ராட கீழ்பக்கமா, தாழ்வா ஒரு இழு. பத்துல ஆறு தடவை கல்லுதான், பரவால்ல, அந்த பழக்கம் வரணும்.

அரை மணி நேரமா ஒண்ணும் இல்லன்னா உடனே ஃப்ளை டப்பாவ திறக்காதீங்க. முதல்ல ஒரு ஈயம் கூட்டுங்க, அப்புறம் மிதவைய நகத்தி ஆழத்த மாத்துங்க, நாலடி தள்ளி நில்லுங்க, கடைசியாதான் ஃப்ளை. யூரோ நிம்ஃபிங்னு மிதவையே இல்லாம பத்தடி ராடுல பண்றது இப்ப ஃபேஷன், பாறைகளுக்கு நடுவுல பிரமாதமா வேலை செய்யும்தான், ஆனா அதுக்குன்னு ரெண்டாவது ராடு வாங்கற ஸ்டேஜுக்கு மாப்ள இன்னும் வரல.

டெக்கர்ஸ் போறவங்களுக்கு ஒரு உள்ளூர் விஷயம். 2002 ஜூன்ல ஹேமன் காட்டுத்தீ 1,38,000 ஏக்கருக்கு மேல எரிச்சிடுச்சு. அந்த மலை பூரா உதிர்ற கிரானைட், மரம் போனதும் புடிச்சு வைக்க வேர் இல்ல, மழை பேஞ்சா சரளை மண்ணு ஆத்துக்குள்ள வந்துடும். இப்பவும் ஒரு நல்ல மழைக்கு அப்புறம் டெக்கர்ஸ்ல வந்து சேர்ற ஹார்ஸ் க்ரீக் ஓடை வழியா கலங்கல் இறங்கும். அப்படி இருந்தா திரும்பி வீட்டுக்கு வராதீங்க, ஓடை சேர்ற இடத்துக்கு மேல போங்க, கேன்யனுக்குள்ள கில் ட்ரெயில்ங்கற நடைபாதையில நடந்தா தண்ணி தெளிவா இருக்க நிறைய வாய்ப்பு. 6,000 அடிக்கு மேல இருக்கு, ஏத்தம் எறக்கம் வேற, சமவெளியில இருந்து வந்த மறுநாளே வேணாம், ஒரு நாள் டென்வர்ல இருந்துட்டு நிறைய தண்ணி குடிச்சிட்டு போங்க.

கேன்யன்ல பிடிக்கற மீன் எல்லாத்தையும் திரும்ப விட்டுடணும், சட்டமே அதுதான். தங்கச்சி இத கேட்டுட்டு "விடறதுக்கா அண்ணா இவ்ளோ செலவு, வறுக்கற மீன காஸ்ட்கோலயே வாங்கிக்கலாமே"ன்னா. பதில் இல்ல என்கிட்ட. கைய நனைச்சுட்டு மீன தொடுங்க, ரப்பர் வலை வச்சுக்கங்க, போட்டோவுக்காக வெளிய தூக்கினா அஞ்சாறு நொடிக்குள்ள தண்ணிக்கு போயிடணும். அஞ்சு டாலருக்கு தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்குங்க, தண்ணி 68 டிகிரி ஃபாரன்ஹீட்ட தொட்டுட்டா நிறுத்திடுங்க, அதுக்கு மேல பிடிச்சு விட்டாலும் பல மீன் பொழைக்காது. ஜூலை ஆகஸ்ட்ல அணை இல்லாத ஆறுகள்ல மத்தியானம் இது சாதாரணமா நடக்கும்.

16 வயசு ஆன எல்லாருக்கும் லைசன்ஸ் வேணும், பசங்களுக்கு வேணாம். வருஷ லைசன்ஸ் தவிர, மாப்ள மாதிரி வந்து போறவங்களுக்கு ஒரு நாள் லைசன்ஸ், அஞ்சு நாள் லைசன்ஸ் எல்லாம் இருக்கு. போன்லயே எடுக்கலாம், ஆனா கிளம்பறதுக்கு முன்னாடியே எடுத்து சேவ் பண்ணிக்கங்க, பள்ளத்துக்குள்ள போனதும் சிக்னல நம்ப முடியாது. காலைல ஆறு மணிக்கு தண்ணில நிக்கற மாதிரி கிளம்புங்க, வெயில் காலத்துல மத்தியானம் ஒரு மணிக்கு மேல இடி மழை வர்றது இங்க வழக்கம், கையில இருக்கறது ஒம்பது அடி கிராஃபைட், மின்சாரம் பாயற பொருள், முதல் இடி கேட்டதும் ராட கீழ வச்சிட்டு ஆத்த விட்டு வெளிய வந்துடுங்க. மாப்ள, அந்த லிங்க்ல மூணாவது செட்டு ஓகே, ஆனா இப்ப ஆர்டர் போடாதீங்க, என்கிட்ட எக்ஸ்ட்ரா ராடு இருக்கு, வந்து ஒரு நாள் போட்டு பாத்துட்டு வாங்கிக்கலாம்.