முதற்பெயர் ‘எஃப்.என்.யூ.’: கலிஃபோர்னியாவிலிருந்து என் விவாகரத்துத் தீர்ப்பை வாங்கிய கதை

பதிவாளர் அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, “விவாகரத்தானவர் என்று எழுதியிருக்கிறீர்கள், தீர்ப்பு நகல் எங்கேம்மா?” என்று கேட்ட நாளிலிருந்து, அந்த நகலை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்த நாள் வரை ஐந்து மாதங்கள் ஆயின. சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி 30 நாள் நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்று நானும் என் வருங்காலக் கணவரும் நினைத்துக்கொண்டு போயிருந்தோம். அந்த நோட்டீஸை வாங்கிக்கொள்வதற்கே கலிஃபோர்னிய நீதிமன்றத்தின் முத்திரை வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. 2012-இல் விவாகரத்து முடிந்து, மறு ஆண்டு சென்னைக்குத் திரும்பியபோது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு அம்மா வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். முடிச்சூரில் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் கீழ்த்தட்டு என்றால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு உதவிய வழக்கறிஞரும் தொழிலை விட்டுவிட்டார். மனு போட்டவர் என் முன்னாள் கணவர், நான் எதிர்மனுதாரர். ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டதோடு என் வேலை முடிந்ததால், எந்த நீதிமன்றத்தின் படியையும் நான் மிதித்தது கிடையாது. வழக்கு எண்ணும் நினைவில் இல்லை.

முதல் தவறு, ‘விவாகரத்துச் சான்றிதழ்’ என்று ஒன்று இருப்பதாக நினைத்துத் தேடியது. பிறப்பு, இறப்புச் சான்றிதழ் போல அரசு இதையும் தரும் என்று நம்பி, தேடுபொறியில் முதலில் வந்த ஒரு தனியார் தளத்தில் 40 டாலர் கட்டினேன். எந்த நீதிமன்றத்தின் பெயரும் இல்லாத ஒரு பக்கத்தை அனுப்பி, ‘பதிவு இருக்க வாய்ப்புண்டு’ என்று எழுதியிருந்தார்கள். நிலவரம் வேறு. கலிஃபோர்னிய மாநிலத்தின் பதிவுப் பிரிவிடம் 1962 முதல் 1984 ஜூன் வரையிலான விவாகரத்துகளுக்கு மட்டுமே பதிவுச் சான்று உண்டு, அதுவும் தீர்ப்பின் நகல் அல்ல. தீர்ப்பு வேண்டுமென்றால் வழக்கு நடந்த கவுன்டியின் (நம் மாவட்டம் போன்றது) சுப்பீரியர் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும். அந்த மாநிலத்தில் 58 கவுன்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட்.

நாங்கள் குடியிருந்த கவுன்டி எனக்குத் தெரியும் என்பதால் அங்கேதான் இருக்கும் என்று முடிவு செய்தேன். அதே மாநிலத்தில் இருக்கும் என் சித்தி மகள், அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காரோட்டிக்கொண்டு போனாள். குடும்ப வழக்குகளுக்குத் தனிக் கட்டடம் என்று தெரியாமல் முதலில் குற்றவியல் வழக்குகள் நடக்கும் கட்டடத்தின் வரிசையில் நின்று, பிறகு சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கவுண்டர் மூட இருபது நிமிடங்கள் இருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இல்லை என்று சொன்னார். வேறு எப்படித் தேடலாம் என்று இவள் கேட்டதற்கு, வழக்கு எண்ணைக் கொண்டு வாருங்கள் என்று பதில் வந்தது. வழக்கு எண்ணைக் கண்டுபிடிக்கத்தானே இவள் அவ்வளவு தூரம் போனதே!

மனு போடுகிறவர் மாநிலத்தில் ஆறு மாதங்களும், மனு போடும் கவுன்டியில் மூன்று மாதங்களும் குடியிருந்திருந்தால் போதும் என்பதே அங்கே சட்டம். நாங்கள் பிரிந்த பிறகு அவர் பக்கத்துக் கவுன்டிக்கு வீடு மாறியிருந்தார் என்பது எனக்கு அதன் பிறகுதான் உறைத்தது. ஆகவே, எந்தக் கவுன்டி என்று தேடுகிறவர்கள் தாங்கள் குடியிருந்த இடத்தைவிட, மனு போட்டவர் அந்த மாதங்களில் எங்கே இருந்தார் என்பதை முதலில் யோசியுங்கள்.

இரண்டாவது கவுன்டியின் இணையதளத்தில் பெயர் வைத்துத் தேடும் வசதி இருந்தது. குடும்ப வழக்குகளின் ஆவணங்களைப் பொதுமக்கள் வீட்டிலிருந்தபடி திறந்து பார்க்க அம்மாநில நீதிமன்ற விதிகள் இடம் தருவதில்லை. நீதிமன்றத்தில் உள்ள கணினியில்தான் பார்க்க முடியும். ஆனால் வழக்கு இருக்கிறதா என்ற அளவுக்குத் தெரிந்துகொள்ளலாம். என் பெயரையும் அப்பா பெயரையும் முன்பின்னாக மாற்றி மாற்றிப் போட்டேன். முன்னாள் கணவர் பெயரைக் குடும்பப்பெயராக வைத்தும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் பெயரைப் போட்டால், தமிழ்நாட்டில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும் பெயர் அது, எதைத் தேர்ந்தெடுப்பது?

சித்தி மகள் மறுபடியும் போனாள். இங்கே பின்னிரவு இரண்டு மணி இருக்கும், அங்கே பகல் ஒன்றரை. கைப்பேசி அடித்தது. “அக்கா, அவர் இனிஷியல்ல வர்ற ‘வி’ என்னது? அப்பா பேரா, ஊர்ப் பேரா?” என்று கேட்டாள். அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் ஊர்ப்பெயரை எழுதியிருந்தார்கள் என்பதும், எங்கள் அடுக்குமாடி வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் அந்த ஊர்ப்பெயர் தப்பும் தவறுமாக அச்சாகி நாங்கள் சிரித்ததும் அந்த நிமிடத்தில்தான் ஞாபகம் வந்தன. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். மறுமுனையில் விசைகளின் சத்தம் கேட்டது. அதன் பிறகு சிறிது நேரம் அமைதி. “இருக்குக்கா. ஆனா இதுல உன் பேர் எஃப்.என்.யூ.ன்னு இருக்கு” என்றாள்.

அந்தக் காலத்தில் என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் நம்முடைய ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயராக மாற்றிவிட்டு, முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான மூன்று எழுத்துகளான எஃப்.என்.யூ.வை முன்னால் ஒட்டிவிடுவார்கள். விசாவைப் பார்த்து யாரோ மனுவில் அப்படியே தட்டியிருக்கிறார்கள். பின்னாளில் அப்பா பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்ட நான், அந்தப் புதுப் பெயரில் பழைய வழக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் மிகவும் மரியாதையாக, “இந்த எஃப்.என்.யூ. என்பவர் உங்கள் சகோதரியா?” என்று கேட்டாராம். நம் ஊர்க்காரர்கள் யாராயினும், அன்றைய விசாவில் பெயர் எப்படி இருந்ததோ அப்படித் தேடுங்கள். எதிர்த்தரப்பின் பெயரையும் அதே போல மூன்று நான்கு விதமாகத் தேடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஊழியர் தேட வேண்டியிருந்தால் ஒரு பெயருக்கு 15 டாலர் வாங்குவார்கள் என்பதால், முடிந்தவரை வீட்டிலேயே தேடி வழக்கு எண்ணோடு போவது நல்லது.

வழக்கு எண் கிடைத்த பிறகு நகல் கேட்பது எளிது. விவாகரத்துத் தீர்ப்பு அங்கே பொது ஆவணம் என்பதால் என் சார்பாக வேறொருவர் கேட்பதற்கு அதிகாரப் பத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலுக்கு 15 டாலர், வெறும் நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட். தபாலில் கேட்பதானால் காசோலையில் தொகையை எழுதாமல் ‘இவ்வளவுக்கு மிகாமல்’ என்று ஓர் உச்சவரம்பைக் குறித்து அனுப்பும் வழக்கம் பல நீதிமன்றங்களில் இருக்கிறது. தபால்தலை ஒட்டிய உறையும் கூடவே வைக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இந்த இரண்டையும் செய்ய முடியாது. அங்கே ஆள் வேண்டும். என் கோப்பு வெளிக் கிடங்கில் இருந்ததால் வந்து சேர இரண்டு வாரங்கள் ஆயின.

வந்தது எஃப்.எல்.-180 என்ற படிவம், இரண்டே பக்கம். முதல் பக்கத்தின் மேல்பகுதியில், திருமண நிலை முடிவுக்கு வரும் நாள் என்ற கட்டத்தில் 2012-ஆம் ஆண்டுத் தேதி ஒன்று இருந்தது. இதைக் கவனமாகப் பாருங்கள். மனு எதிர்த்தரப்பின் கைக்குக் கிடைத்து ஆறு மாதங்கள் ஆகாமல் அங்கே திருமணம் முடிவுக்கு வராது என்பதால், நீதிபதி கையெழுத்திட்ட நாளும் இந்த நாளும் வெவ்வேறாக இருக்கலாம். மறுமணத்துக்குக் கணக்கு இந்த நாள்தான். தீர்ப்பு பதிவானதைத் தெரிவித்து வரும் எஃப்.எல்.-190 என்ற அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அதுதான் தீர்ப்பு என்று நம்பியிருப்பவர்கள் எத்தனையோ பேர். அது வெறும் அறிவிப்பு.

வாட்ஸாப்பில் வந்த படத்தை எங்கள் வழக்கறிஞரிடம் காட்டினேன். அவர் இரண்டாவது வரிசைக் கட்டங்களைப் பார்த்ததும் முகம் மாறினார். வழக்கு எந்த முறையில் விசாரிக்கப்பட்டது என்ற இடத்தில் ‘டிஃபால்ட் அல்லது எதிர்ப்பின்றி’ என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தார்கள். எதிர்த்தரப்பு வராமலே கொடுத்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்று இதை இங்கே வாசித்துவிட முடியும். ஒய். நரசிம்ம ராவ் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன்படி, நம் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக வெளிநாட்டு நீதிமன்றம் கொடுத்த விவாகரத்து, எதிர்த்தரப்பு அதற்கு ஒப்புக்கொண்டிருந்தால்தான் இங்கே செல்லும். கலிஃபோர்னியாவின் ‘சமரசம் செய்ய முடியாத வேறுபாடுகள்’ என்ற காரணம் இந்து திருமணச் சட்டத்தில் கிடையாது. “நீங்கள் சம்மதித்ததற்கு என்ன ஆதாரம்?” என்றார்.

ஆதாரம் இருந்தது. நான் நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அந்தத் தீர்ப்போடு இணைப்பாகச் சேர்க்கப்பட்டிருந்தது. நாங்கள் படிவத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டதால் படிவத்தை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். ‘இணைப்புகள் அனைத்துடனும் கூடிய தீர்ப்பு’ என்று எழுதிக் கேட்டிருந்தால் முதல் முறையே வந்திருக்கும். மறுபடியும் காசோலை, மறுபடியும் உறை.

முழு நகல் சித்தி மகள் கைக்குக் கிடைத்தபோது நான் செய்த அவசரத்தை இன்றும் நொந்துகொள்கிறேன். எல்லாப் பக்கங்களையும் உடனே ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னேன். பாவம், அவள் ஸ்டேப்பிள் பின்னைப் பிடுங்கி, பக்கங்களை ஒவ்வொன்றாக வைத்து ஸ்கேன் செய்துவிட்டு, அதே துளைகளில் திரும்பப் பின் அடித்திருக்கிறாள். ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக வாங்கும் அப்போஸ்டில் என்ற சான்றுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு சந்தேகம் கேட்க நீதிமன்றத்துக்குப் போனபோது, அங்கே இருந்த வயதான கிளார்க் தாளின் மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, இரட்டைத் துளையைக் காட்டி, பிரித்த நகல் சான்றளிக்கப்பட்ட நகலாகாது என்று சொல்லிவிட்டார். இன்னொரு 15 டாலர். ஆனால் இவர் நல்ல மனிதர். காத்திருக்கச் சொல்லி அன்றைக்கே புதிதாக எடுத்துக் கொடுத்தார். இந்த ஐந்து மாதங்களில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கிடைத்த ஒரே சலுகை அதுதான். இவள் புத்திசாலித்தனமாக மூன்று நகல்கள் வாங்கிக்கொண்டாள்.

அப்போஸ்டில் மாநிலத் தலைநகரான சேக்ரமென்டோவில் 20 டாலரோடும், நேரில் போனதற்கான 6 டாலர் கூடுதல் கட்டணத்தோடும் ஒரே நாளில் முடிந்தது.

சென்னைப் பதிவாளர் அலுவலகத்தில் முதலில், தூதரகத்தின் அட்டஸ்டேஷன் இல்லையே என்றார்கள். இந்தியா 2005 முதல் ஹேக் உடன்படிக்கையில் இருப்பதால் அப்போஸ்டில் உள்ள ஆவணத்துக்குத் தூதரக முத்திரை தேவையில்லை என்று வழக்கறிஞர் எழுதிக் கொடுத்திருந்த தாளை நீட்டினேன். உள்ளே எடுத்துப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். அடுத்தது நான் எதிர்பார்த்திருந்த கேள்வி: “இந்த எஃப்.என்.யூ. யாரும்மா?” பழைய பாஸ்போர்ட், புதிய பாஸ்போர்ட் இரண்டின் நகலோடும், இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று 20 ரூபாய் முத்திரைத்தாளில் நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தை வைத்தேன். அவர் தீர்ப்பின் தேதியைத் தன் பதிவேட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு, நோட்டீஸ் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

மீதி இரண்டு நகல்களும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கின்றன, பரணில்.