பருப்பில்லாத் தாளிப்பு

மும்பையில் அலுவலகத்திற்கு டப்பா கட்டிக்கொண்டு போகிறவர்கள் தமக்கு மட்டும் கட்டுவதில்லை. மேசையைச் சுற்றி உட்காருபவர்களில் யார் எதைத் தொடமாட்டார்கள் என்ற கணக்கும் விடியற்காலையிலேயே அடுப்படிக்குள் வந்துவிடுகிறது. செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் புறநகர் ரயிலில் சி.எஸ்.எம்.டி. நிலையம் வரை நசுங்கி வரும் என் டப்பாவில் என்ன இருக்கவேண்டும் என்பதை, இப்போதெல்லாம் என் நாக்கைவிட உடன் உண்பவர்களே அதிகம் தீர்மானிக்கிறார்கள்.

தயிர்சாதத்தையே எடுத்துக்கொள்ளலாம். மே மாதப் புழுக்கத்தில் காலையில் தயிர்விட்டுப் பிசைந்த சோறு மதியத்திற்குள் புளித்துவிடும் என்பதால், குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, உறைக்கு ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்ப்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். வழியிலேயே அது பதமாக உறைந்துவிடும். ஆனால் இந்தப் பக்குவம் மட்டும் என் பக்கத்து நாற்காலிக்காரரான குஜராத்தி ஜைனத் தோழிக்குப் போதவில்லை. மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு வகைகளை அவர் உண்பதில்லை என்பதால் முதலில் இஞ்சி போனது. அது எளிது. காய்ச்சாத தயிரோடு பருப்பு வகை எதுவும் சேரக்கூடாது என்பதும் அவர்கள் வீட்டு நியமம் என்று பிறகுதான் சொன்னார். அப்படியானால் தாளிப்பிலுள்ள உளுத்தம்பருப்பும் கடலைப்பருப்பும் எங்கே போவது? இப்போது கடுகு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் என்ற அளவில் தாளிப்பை முடித்துக்கொள்கிறேன். பருப்பு கடிபடாத தயிர்சாதம் ஒரு மாற்றுக் குறைவுதான் என்று என் மாமியார் இன்னமும் சொல்கிறார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

புளியோதரைக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. புளியும் நல்லெண்ணெயும் காவல் இருப்பதால் மாலை வரை கெடாது, எல்லாரும் உண்பார்கள், ஆகவே எனக்குத்தான் மிஞ்சாது.

ஆஷாட ஏகாதசி நோன்பன்று மராட்டியத் தோழர்களின் டப்பாவில் சோறும் சப்பாத்தியும் இரா; வேர்க்கடலைப் பொடியும் சீரகமும் பச்சைமிளகாயும் உருளைக்கிழங்கும் சேர்த்து நெய்யில் புரட்டிய சாபுதானா கிச்சடிதான் இருக்கும். ஏகாதசியன்று இரட்டிப்பாக உண்பாய் என்ற பொருளில் ‘ஏகாதசி, துப்பட் காஷி’ என்று அவர்களே தம்மைக் கேலி செய்துகொள்வார்கள். அந்தச் சாபுதானா நம் ஜவ்வரிசியேதான். மரவள்ளிக்கிழங்கிலிருந்து அதை உருட்டியெடுக்கும் ஆலைகள் சேலத்தைச் சுற்றி நிறைந்திருக்கின்றன. அவற்றுக்கென்றே சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் 1981-இல் அமைக்கப்பட்டது. நாம் பாயசத்திலும் வடாமிலும் போட்டு மறந்துவிடுகிற ஒரு பொருள், இங்கே ஒரு மாநிலத்தின் நோன்பையே தாங்கி நிற்கிறது என்று சேலத்துக்காரர் யாராவது இருந்தால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

எல்லாரும் டப்பாவைக் கையில் தூக்கி வருவதில்லை. மகாதேவ் ஹாவாஜி பச்சே 1890-இல் தொடங்கிய, வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குச் சுமந்துபோகும் டப்பாவாலா சேவையின் வழியாக எங்கள் மேசைக்கும் இன்னும் வீட்டுச் சோறு வருகிறது. மூடியின்மேல் வண்ணத்தில் எழுதிய எழுத்துகளும் எண்களும், எந்த நிலையத்தில் இறக்கி எந்தக் கட்டடத்தின் எந்த மாடிக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதைச் சொல்லிவிடும். 2020 ஊரடங்கில் அந்தச் சேவை நின்றது. மீண்டும் தொடங்கியபோது பழைய கூட்டம் திரும்பவில்லை. காலி டப்பாவை எடுத்துப்போக ஆள் வந்துவிடுவார் என்பதால், எங்கள் மேசையில் முதலில் பங்கு போடப்படுவது டப்பாவாலா கொண்டுவந்த டப்பாதான்.

இவ்வளவு இணக்கமான மேசையிலும் ஒரு குறை உண்டு. திருநெல்வேலிப் பூர்வீகமும் தாராவி வீடும் கொண்ட இளைய சகா ஒருத்தி, நாள்தோறும் எலுமிச்சைச் சாதமே கொண்டுவருவதைக் கண்டு காரணம் கேட்டேன். “கருவாட்டுக் குழம்பு மறுநாள்தான் அக்கா ருசி. ஆனா மைக்ரோவேவ்ல வச்சா எல்லாரும் மூக்கப் பொத்துவாங்க, அதான் கொண்டாரதில்ல” என்றாள். எனக்கு இது சரியாகப் படவில்லை. தயிர்சாதத்தில் பருப்பை நான் விட்டுக்கொடுக்கலாம் என்றால், ஒரு மணத்தைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ள மற்றவர்களாலும் முடியவேண்டும். சைவ டப்பாக்கள் மட்டும் ஊர்சுற்றும் மேசையைப் பகிர்ந்துண்ணும் மேசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சன்னலோரத்துக் கடைசி மேசையை மீன், கறி டப்பாக்களுக்கென ஒதுக்கச் சொல்லி நான்தான் பேச்சைத் தொடங்கினேன். சிலர் முகம் சுளித்தார்கள், ஜைனத் தோழி சுளிக்கவில்லை, தன் நாற்காலியை மட்டும் இந்தப் பக்கமாக நகர்த்திக்கொண்டார். மராட்டியர் பலர் புதன், வெள்ளி, ஞாயிறு ஆகிய நாட்களில்தான் மீனும் கறியும் உண்பார்கள் என்பதால், வேலை நாட்களில் புதனும் வெள்ளியும் அந்த மேசைக்குரியவையாயின. கொங்கணக் கடற்கரையின் மால்வண் ஊர்க்காரர் ஒருவர் வெங்காயத்தோடு வதக்கிக் கொண்டுவந்த ஜவளாவைப் பார்த்ததும், இது நம்ம சென்னாக்குன்னிதானே என்றாள் அந்தத் திருநெல்வேலிப் பெண். அதே பொடி இறால் கருவாடுதான். சூடாக்காமலே உண்ணலாம் என்பதால் மறுவாரம் அதைத் தொக்காக வதக்கி எடுத்துவந்தாள். தேங்காய் போதவில்லை என்று மால்வண்காரர் வாராவாரம் குறை சொல்லிக்கொண்டே வழித்து உண்கிறார்; இவள் கூட்டிப் போடுவதாக இல்லை.