ஃபியோகுரோமோசைட்டோமா சந்தேகமா? ஸ்கேனுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

மண்டையைப் பிளக்கும் தலைவலி, படபடப்பு, சட்டை நனையும் வியர்வை. மூன்றும் சேர்ந்து வந்து, கால் மணி, அரை மணியில் ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடும். கிளினிக்கில் போய் உட்காரும்போது ரத்த அழுத்தம் ஒழுங்காக இருக்கும். அதனால் பலருக்கு முதலில் கிடைக்கும் பெயர் ‘மனப்பதற்றம்’. சிங்கப்பூர் வெக்கையில் வியர்வையை யார்தான் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்?

இதற்குப் பின்னால் ஃபியோகுரோமோசைட்டோமா இருக்கலாம். சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் வரும் கட்டி அது. அட்ரினலின், நார்அட்ரினலின் ஹார்மோன்களை நினைத்த நேரத்தில் ரத்தத்தில் கொட்டும். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 2 முதல் 8 பேருக்குத்தான் கண்டறியப்படுகிறது. பாலிகிளினிக் எனும் அரசாங்கப் பொது மருந்தகத்தின் மருத்துவர் தன் பணிக்காலத்தில் ஒன்றுகூடப் பார்க்காமல் போகலாம். எனவே அவரிடம் நோயின் பெயரைச் சொல்லி வாதாடுவதைவிட ஒரு குறிப்பேட்டை நீட்டுவது மேல். அதில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

‘செவ்வாய், காலை 6:40. குனிந்து காலணி மாட்டும்போது. தலைவலி, படபடப்பு, முகம் வெளிறியது. 188/112, நாடி 124. 20 நிமிடம். அடங்கியபின் 128/80.’

முகம் வெளிறியதா, சிவந்ததா என்பதைக் கட்டாயம் குறியுங்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் உடல்சூட்டில் முகம் சிவக்கும். இதில் பெரும்பாலும் வெளிறும். சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் வந்தால் அதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். இதே வகைக் கட்டி சிறுநீர்ப்பையிலும் வரலாம். இப்படி நான்கைந்து பதிவுகள் இருந்தால் அரசாங்க மருத்துவமனையின் எண்டோகிரைன் (ஹார்மோன் நோய்கள்) பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைப்பது எளிது. பாலிகிளினிக் வழியாகப் போனால் அங்கே அரசு மானியம் கழித்த கட்டணம். தனியார் நிபுணரிடம் தொடங்கிவிட்டு நடுவில் மாறுவது பெரிய அலைச்சல்.

முதல் பரிசோதனை ஸ்கேன் இல்லை. வேறு காரணத்துக்கு எடுக்கும் ஸ்கேன்களில்கூட அட்ரினலில் தீங்கற்ற முடிச்சுகள் சர்வசாதாரணமாகத் தென்படும். அட்ரினலின், நார்அட்ரினலின் சிதைந்து உருவாகும் மெட்டநெஃப்ரின், நார்மெட்டநெஃப்ரின் என்னும் பொருள்களை ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ அளந்து, அவை கூடுதல் என்று உறுதியான பிறகுதான் ஸ்கேன்.

பரிசோதனை எண் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ரத்தம் எடுக்கும் முன் 20 முதல் 30 நிமிடம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். உட்கார்ந்தபடி எடுத்தால் நார்மெட்டநெஃப்ரின் தானாகவே ஏறும். தாதி நாற்காலியைக் காட்டினால், “படுத்து எடுக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காரா, கொஞ்சம் பாருங்க” என்று கேட்டுவிடுங்கள். உட்கார்ந்து எடுத்தும் எண் சரியாக வந்தால் கவலையில்லை. கூடுதலாக வந்தால்தான் படுத்தபடி மறுபடி எடுக்க வேண்டும்.

சிறுநீர் பாட்டிலில் சில சமயம் அமிலம் ஊற்றித் தருவார்கள். அதைக் கொட்டிக் கழுவிவிடாதீர்கள், நேரடியாக அதில் சிறுநீர் கழிக்கவும் கூடாது. ஒரு பிளாஸ்டிக் குவளையில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். காலை 7 மணிக்குத் தொடங்கினால் அந்த முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, அதன் பிறகு வருவதையெல்லாம் சேருங்கள். மறுநாள் காலை 7 மணிச் சிறுநீரும் உள்ளே போக வேண்டும். மலம் கழிக்கப் போகும்போது தவறிப்போவதுதான் அதிகம், அதனால் முதலில் குவளை. ஒருமுறை விட்டுப்போனாலும் ஆய்வகத்திடம் சொல்லிவிட்டு மறுபடி தொடங்குங்கள். சிறுநீரில் அன்றாடம் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவான கிரியேட்டினினையும் சேர்த்து அளந்தால் குறைவாகச் சேர்த்தது தெரிந்துவிடும். வேலை நாளில் பாட்டிலை எம்ஆர்டி ரயிலில் சுமப்பதைவிட சனி, ஞாயிறு உத்தமம்.

மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சூடோஎஃபெட்ரின் மாத்திரை, சில மனச்சோர்வு மருந்துகள், சில ஆய்வு முறைகளில் பாரசிட்டமால்கூட எண்ணைத் திரிக்கும். எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் கொடுங்கள். மனச்சோர்வு மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

ஊருக்குப் போனபோது சென்னையிலோ திருச்சியிலோ எடுத்த அறிக்கை இருந்தால் அலகைப் பாருங்கள். ஒன்று பிகோகிராமிலும் இன்னொன்று நானோமோலிலும் இருக்கலாம். நார்மெட்டநெஃப்ரினில் லிட்டருக்கு 1 நானோமோல் என்பது மில்லிலிட்டருக்குச் சுமார் 183 பிகோகிராம், மெட்டநெஃப்ரினில் 197. அந்தந்த ஆய்வகத்தின் உச்சவரம்பைப்போல் எத்தனை மடங்கு என்று பார்ப்பதே சரி. மூன்று மடங்கைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது. சற்றே கூடியிருந்தால் மருந்தோ, படுக்காமல் எடுத்ததோ காரணமாக இருக்கலாம்.

அடுத்தது சிடி ஸ்கேன். சாய மருந்து செலுத்தாமல் எடுத்த படத்தில் கட்டியின் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்குக் கீழே இருந்தால் அது ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மெட்டநெஃப்ரின் முடிவு வருமுன் யாராவது ஊசி போட்டுச் சதை எடுக்கலாம் என்றால் மறுத்துவிடுங்கள். ஊசி பட்ட மாத்திரத்தில் ஹார்மோன் வெள்ளமாகி ரத்த அழுத்தம் உயிருக்கே உலை வைக்கும். குமட்டலுக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடுக்கும் அதே ஆபத்து.

கட்டியை எடுக்கும் அறுவை சிகிச்சைக்கு முன் 7 முதல் 14 நாள், ரத்த நாளங்களைத் தளர்த்தும் டாக்சசோசின் அல்லது ஃபினாக்சிபென்சமைன் தருவார்கள். படபடப்புக்கான பீட்டா தடுப்பு மருந்து அதன் பிறகுதான். முந்திக் கொடுத்தால் அழுத்தம் இன்னும் எகிறும். இந்த நாட்களில் உப்பும் தண்ணீரும் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், வருடக்கணக்கில் உப்பைக் குறைத்தவர்களுக்கு அது வினோதமாகத்தான் இருக்கும். இம்மருந்துகளால் மூக்கும் அடைக்கும். அப்போது பழைய நினைப்பில் சூடோஎஃபெட்ரின் வாங்கப் போகாதீர்கள்.

ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது மரபணு வழியாக வருவதால் மரபணுப் பரிசோதனைக்கும் கேளுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் வரை அதன் முடிவு தேவைப்படும். கட்டியை எடுத்த பின்னும் ஆண்டுக்கொருமுறை மெட்டநெஃப்ரின் பார்க்க வேண்டும், குறைந்தது 10 ஆண்டுகளுக்கு. ஒவ்வொரு முறையும் அதே படுக்கை, அதே அரை மணி.