காந்தங்கள் நனைந்த கோடை

ஜூன் 2

எங்கள் முடுக்கி ஆய்வகத்துக்குப் புது இயக்குநர் யார்? அறிவிப்பு இன்றும் இல்லை.

ஜூன் 3

இல்லினாயில் ஃபெர்மிலாப் ஆய்வகத்தைக் கட்டிய அதன் முதல் இயக்குநர் ராபர்ட் வில்சன் பேச்சை எடுத்தாலே எல்லோரும் 1969-க்குப் போய்விடுகிறார்கள். அங்கே கட்டும் துகள் முடுக்கி நாட்டின் பாதுகாப்புக்கு உதவுமா என்று செனட்டர் பாஸ்டோர் கேட்டதும், நாட்டைக் காக்கத் தகுந்ததாக்க உதவும் என்று வில்சன் சொன்னதும். நல்ல பதில்தான், மறுக்கவில்லை. ஆனால் காந்தத்துக்குள் 38 மி.மீ. உயர இடைவெளி புரோட்டான் கற்றைக்குப் போதும் என்று கையெழுத்துப் போட, கார்னெலில் 1947 முதல் 1967 வரை ஒன்றன்பின் ஒன்றாக சிங்க்ரோட்ரான் (வளைய முடுக்கி) கட்டிய கை வேண்டும்.

ஜூன் 4

இந்த முடுக்கிக்கு முதலில் திட்டம் போட்ட பெர்க்லி ஆய்வகக் குழுவின் மதிப்பீடு 34 கோடி டாலருக்கு மேல். வில்சன் 25 கோடியில் முடிப்பதாக ஏற்றுக்கொண்டார். மிச்சம் எங்கே பிடித்தார்? வளைப்பதற்குத் தனிக் காந்தம், குவிப்பதற்குத் தனிக் காந்தம் என்று வேலையைப் பிரித்தார். வளைக்கும் காந்தங்களில் ஒரு வகைக்கு உள்வாய் 38 × 127 மி.மீ., இன்னொன்றுக்கு 51 × 102. வாய் சிறுத்தால் இரும்பு குறையும், செம்பு குறையும், மின்சாரமும் குறையும். அதற்கு விலையும் உண்டு: கற்றை கொஞ்சம் விலகினாலும் குழாய்ச் சுவரில் இடிக்கும். 774 வளைப்புக் காந்தம், 240 குவிப்புக் காந்தம், 1 கி.மீ. ஆரம். எடுத்த எடுப்பில் ஓடிவிடும் எந்திரம் தேவைக்கு மேல் செலவழித்துக் கட்டியது என்பது அவர் கட்சி. இப்போதைய கமிட்டிகளில் யாராவது இதை வாய்விட்டுச் சொல்லட்டும், பார்ப்போம்.

ஜூன் 6

மழை. எங்கள் முடுக்கிச் சுரங்கத்தில் 28 டிகிரி, ஈரப்பதம் 70%.

ஜூன் 7

28 டிகிரி, 70% என்றால் டியூ பாயின்ட் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 22-ஐ ஒட்டி. குளிர்நீர் 16 டிகிரியில் ஓடும் காந்தச் சுருள் வியர்க்காமல் என்ன செய்யும்? 1971-இல் இல்லினாயில் நடந்தது இதுதான். சில்லிட்டுக் கிடந்த காந்தங்களின் மேல் கோடையின் ஈரக்காற்று படிந்தது. செம்புச் சுருளுக்கு மின்காப்பான எப்பாக்சிப் பிசினில் முன்பே மயிரிழை விரிசல். செம்பு விரியும் அளவும் எப்பாக்சி விரியும் அளவும் ஒன்றல்ல. விரிசலில் நீர் இறங்கியது, மின்னழுத்தம் ஏற்றியதும் தரைக்குப் பாய்ந்தது. 350-க்கு மேற்பட்ட காந்தங்கள் போயின.

மின்காப்புத் தடையை அளக்கும் மெக்கரில் ஒரு நிமிட அளவோடு நிறுத்தக்கூடாது. பத்தாம் நிமிடத்திலும் எடுத்து, அதை முதல் நிமிட அளவால் வகுக்க வேண்டும். விடை 2-க்குக் கீழே என்றால் ஈரமோ அழுக்கோ இருக்கிறது. முதலில் உலர்த்து. உயர் மின்னழுத்தச் சோதனை அப்புறம்.

ஜூன் 8

இயக்குநர் அறிவிப்பு இன்னும் இல்லை. ஒரு பெயர் அடிபடுகிறது. அவர் கடைசியாக ஸ்பேனர் பிடித்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் 9

வில்சன் சீல், அவர் கண்டுபிடித்த வெற்றிட அடைப்பு. ரப்பர் தகட்டில் தண்டைவிடச் சின்னதாக ஓட்டை போட்டு, தண்டை உள்ளே திணித்தால் விளிம்பு கூம்பாக மடங்கும். வெளிக்காற்றின் அழுத்தமே அதைத் தண்டோடு இறுக்கிவிடும். தண்டு சுழலலாம், முன்பின் நகரலாம், வெற்றிடம் கெடாது. சைக்ளோட்ரான் என்ற பழைய வகை முடுக்கியைக் கண்டுபிடித்த லாரன்ஸ், வில்சனை ஒருமுறை வேலையை விட்டு அனுப்பியதும் சைக்ளோட்ரானின் ஒரு ரப்பர் சீல் விவகாரத்தில்தான். தலைமை என்று தனியாக ஏதோ படிப்பு இருப்பதுபோல் பேசுகிறவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது.

ஜூன் 11

ஃபெர்மிலாபில் கெட்ட காந்தங்களை மாற்ற, கற்றை ஓடும் குழாய்களை அறுத்தார்கள். உலோகச் சீவல்கள் உள்ளேயே தங்கின. காந்தப்புலம் ஏறும்போது அவை எழுந்து நின்று கற்றையை மறித்தன. ஃபெலிசியா என்ற ஃபெரெட்டை (கீரி போன்ற சிறு விலங்கு), கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி, சுத்தம் செய்வதற்காகக் குழாய்க்குள் ஓடவிட்ட கதையைச் சொல்லாதவர் இல்லை. பெரிய வளையத்துக்குள் அது நுழைய மறுத்துவிட்டது. அங்கே வேலையை முடித்தது அழுத்தக்காற்றில் ஓடிய, காந்தம் கட்டிய ஒரு கருவி.

1972 மார்ச் 1-இல் கற்றை 200 ஜிஈவி (ஒரு ஜிஈவி நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலைத் தொட்டது.

ஜூன் 12

ஈரம் 74%. யாரும் டீஹ்யூமிடிஃபையருக்குக் கையெழுத்துப் போடமாட்டார்கள், இயக்குநர் வரட்டும் என்கிறார்கள்.

ஜூன் 14

1978-இல் வில்சன் ராஜினாமா. மீக்கடத்திக் காந்த வளையத்துக்குக் கேட்ட பணம் வரவில்லை. பழைய காந்தங்களுக்குக் கீழே அதற்கென்று இடம் விட்டே சுரங்கத்தைக் கட்டியிருந்தார். அதே இடத்தில், அடுத்த இயக்குநர் லெடர்மன் காலத்தில், 1983-இல் 512 ஜிஈவி. இடம் விடுவதற்கு அன்று எந்தத் தலைப்பில் செலவு எழுதியிருப்பார்? நாளை மெக்கர் முடிந்ததும் நம் வரைபடத்தில் காந்தத்துக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பார்க்க வேண்டும்.