வைரத்தை விட்டு போரான் நைட்ரைடு பக்கம்

நுண்ணிய காந்தப்புலங்களை அளக்கும் குவாண்டம் உணரிகளுக்காகப் போரான் நைட்ரைடில் வேலை செய்கிறேன் என்று சொன்னால் போதும், அதே வேலைக்கு வைரத்தை நம்பியிருப்பவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வந்து போகும். நானும் முன்பு அந்தப் பக்கம் இருந்தவன்தான், அதனால் காரணம் தெரியும். எண்களை வைத்துப் பேசினால் நியாயம் அவர்கள் பக்கம்.

வைரத்தில் கார்பன் அணு இருக்க வேண்டிய ஓர் இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்திருக்கும், பக்கத்து இடம் காலியாக இருக்கும். இந்த ஜோடிதான் என்வி மையம். அதன் எலக்ட்ரான் ஸ்பின்னை, அதாவது எலக்ட்ரானைச் சிறு காந்தம்போல் ஆக்கும் குணத்தை, அறை வெப்பநிலையிலேயே பச்சை லேசரால் தயார் செய்யலாம். வெளியே வரும் சிவப்பு வெளிச்சம் கூடுகிறதா குறைகிறதா என்பதை வைத்தே அது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறை கொண்ட அணுக்கள்) அளவில் சுத்தம் செய்த வைரத்தில் அந்த ஸ்பின் ஒரு மில்லிவினாடிக்கும் மேல் தன் குவாண்டம் நிலையைக் காப்பாற்றும் என்று 2009-லேயே காட்டியாகிவிட்டது.

அறுகோண போரான் நைட்ரைடு, சுருக்கமாக ஹெச்பிஎன், அடுக்கடுக்கான படிகம். ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் 0.33 நானோமீட்டர் இடைவெளி. முகப்பவுடரிலும் மசகுப் பொருள்களிலும் போடுகிற அதே சங்கதிதான். ஆனால் ஆய்வகத்துக்கு வேண்டிய சுத்தம் அதில் கிடைக்காது. ஜப்பானில் சுகுபாவில் டானிகுச்சி, வடனபே என்ற இருவர் உயர் அழுத்தத்தில் வளர்க்கும் படிகங்களைத்தான் உலகத்தில் பாதிப் பேர் நம்பியிருக்கிறோம். ஓரணு தடிமன் கார்பன் தாளான கிராஃபீனைப் பற்றிய கட்டுரைகளில் இவ்விருவர் பெயர் இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்தப் படிகத்தில் ஒரு போரான் அணுவைத் தட்டிவிட்டு, அந்தக் காலியிடத்தில் ஓர் எலக்ட்ரான் கூடுதலாக மாட்டிக்கொண்டால் அதற்கும் என்வி போலவே ஸ்பின் 1. அறை வெப்பநிலையில் அதை ஒளியால் படிக்க முடியும் என்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் குழு சிட்னி குழுவோடு சேர்ந்து 2020-இல் காட்டியது. நான் கட்சி மாறியது அதற்கு அப்புறம்தான்.

அளவீடு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். லேசரை மாதிரியின் மேல் குவித்துவிட்டு, மைக்ரோவேவ் அதிர்வெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவோம். 3.48 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் வெளிச்சம் குறையும். திரையில் இரண்டு பள்ளங்கள் ஒட்டினாற்போல் தெரியும். காந்தத்தைக் கிட்டே கொண்டுவந்தால் அவை எதிரெதிர்ப் பக்கம் நகரும், ஒரு மில்லிடெஸ்லாவுக்கு ஒவ்வொன்றும் 28 மெகாஹெர்ட்ஸ். கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் ஏழு சிறு பள்ளங்கள், 47 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில். காலியிடத்தைச் சுற்றி மூன்று நைட்ரஜன், ஒவ்வொன்றின் அணுக்கருவுக்கும் ஸ்பின் 1. அவற்றைக் கூட்டினால் −3 முதல் +3 வரை ஏழு மதிப்புகள். ஆழங்கள் 1:3:6:7:6:3:1 என்ற விகிதத்தில் அமையும். நைட்ரஜன்-15 வைத்து வளர்த்த படிகத்தில் ஏழு போய் நான்காகிவிடும், 1:3:3:1. எண்ணிப் பார்த்தே அணுவின் அண்டை வீட்டுக்காரர்களைத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

அழகு அதுதான், தொல்லையும் அதுதான். கார்பனில் கிட்டத்தட்ட 99 சதவீதம் கார்பன்-12, அதன் அணுக்கருவுக்கு ஸ்பின் கிடையாது. மிச்சத்தையும் வடிகட்டிவிட்டால் என்வி மையத்தைச் சுற்றி அமைதி. போரானிலும் நைட்ரஜனிலும் அந்த வழி அடைபட்டிருக்கிறது. போரான்-10, போரான்-11, நைட்ரஜன்-14, நைட்ரஜன்-15 என்று நிலையான ஐசோடோப்புகள் நான்கு, நான்கிலும் அணுக்கருவுக்கு ஸ்பின் உண்டு. எவ்வளவு காசு செலவழித்துச் சுத்தம் செய்தாலும் இரைச்சல் மிஞ்சும். அதனால் ஸ்பின்னை ஒரு துடிப்பால் திருப்பிப் பார்க்கும் சாதாரண எதிரொலி அளவீட்டில் நம் ஸ்பின் தன் நிலையை நூறு நானோவினாடி வாக்கில் மறந்துபோகிறது. மைக்ரோவேவ் துடிப்புகளை வரிசையாக அடித்தால் சில மைக்ரோவினாடிகள் வரை இழுக்கலாம். வெளிச்சமும் மங்கல், அகச்சிவப்பை ஒட்டி 800 நானோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும். அதனால் கூட்டமாக வைத்துத்தான் அளக்கிறோம்.

அப்படியென்றால் ஏன் வந்தாய் என்பீர்கள். தூரம் காரணம். ஒரு சிறு காந்தத்தின் புலம் தூரத்தின் மும்மடிக்கு நேர்மாறாகக் குறையும். பத்து நானோமீட்டர் தள்ளி இருப்பதற்கும் ஒரு நானோமீட்டரில் இருப்பதற்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். வைரத்தில் என்வி மையத்தை மேற்பரப்புக்கு அவ்வளவு அருகே கொண்டுபோனால் மேற்பரப்பே இரைச்சல் கிளப்பி அதைக் கெடுத்துவிடும். ஹெச்பிஎன் அடுக்குகளின் முகத்தில் தொங்கும் பிணைப்புகள், அதாவது ஜோடி சேராத பிணைப்புகள், இல்லை. சில அடுக்கு தடிமனிலும் இந்தப் போரான் காலியிடக் குறையின் ஸ்பின் சமிக்ஞை கிடைத்திருக்கிறது.

ஒட்டுநாடாவில் உரித்து சிலிக்கான் சில்லின் மேல் அழுத்தி எடுத்தால் துண்டுகள் சிதறிக் கிடக்கும். மெல்லியது எது என்பதை நுண்நோக்கியில் நிறத்தை வைத்தே பொறுக்குவோம். கிராஃபீனைவிட இது கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றும், பொறுமை வேண்டும். ஹீலியம் அல்லது நைட்ரஜன் அயனிகளால் அடித்துக் காலியிடங்களை உண்டாக்கி, பாலிமர் முத்திரையால் தூக்கி, ஆராய வேண்டிய காந்தப் பொருளின் மேலேயே வைத்துவிடலாம். ஒற்றை அடுக்கிலேயே காந்தமாக இருக்கும் குரோமியம் ட்ரைஅயோடைடு 2017-இல் வந்ததிலிருந்து இப்படிப்பட்ட மெல்லிய காந்தங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பார்க்க வைரத்தை மேலே கொண்டுபோய் நிறுத்துவதும் இதை ஒட்டியே வைப்பதும் ஒன்றல்ல.

ஆனால் நடைமுறையில் அடிக்கும் அயனிகள் படிகத்தையும் சேதப்படுத்துகின்றன. அடுக்கு மெலிய மெலிய குறைகளின் எண்ணிக்கை குறைந்து சமிக்ஞையும் தேய்கிறது. இதில் வெப்பம் வேறு. ஒரு டிகிரி ஏறினால் அதிர்வெண் ஏறக்குறைய 0.6 மெகாஹெர்ட்ஸ் இறங்கும், என்வியில் அது 0.074-தான். வெப்பமானியாக நினைத்தால் சந்தோஷம். காந்தப்புலம் அளக்கும்போது லேசர் சூடே புலம்போல வேஷம் போடும், இரண்டு பள்ளங்களையும் அளந்து அவற்றின் வித்தியாசத்தை எடுக்காமல் நம்பக் கூடாது.

இப்போது எங்கள் குழுவில் பாதிப் பேச்சு கார்பன் கலந்த குறைகளைப் பற்றியது. அதே படிகத்தில், அறை வெப்பநிலையில், ஒற்றை ஸ்பின்னாகவே படிக்க முடிகிற ஒன்றை கேம்பிரிட்ஜ் குழு 2024-இல் காட்டியது. அதற்கு மைக்ரோவினாடி அளவில் நினைவும் உண்டு. அதில் கார்பன் அணுக்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்பதில் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது. போரான் காலியிடத்தின் அமைப்பு தெளிவு, வெளிச்சம்தான் மங்கல். கார்பன் குறையில் தலைகீழ். பந்தயம் கட்டச் சொன்னால் காந்தப் படம் எடுக்கக் காலியிடத்தின் மேலும், ஸ்பின்களை ஒன்றோடொன்று பேசவைக்கக் கார்பன் மேலும் கட்டுவேன். வைரக்காரர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.